கென்யாவின் பூச்சி மாத்திரை: மறைக்காமல் செய்த சோதனையை நம்பலாமா?

அரியலூரான்:
கென்யாவின் பூசியா மாவட்டத்தில் 1998-ல் தொடங்கிய சோதனை இது. 75 பள்ளிகள், 30,000-க்கு மேல் பிள்ளைகள். முதல் 25 பள்ளிகளுக்கு 1998-ல் பூச்சி மாத்திரை, அடுத்த 25-க்கு 1999-ல், மீதிக்கு 2001-ல். பிள்ளைகள் மட்டம் போடுவது கால்வாசி குறைந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் மிகுவேலும் கிரெமரும் 2004-ல் எழுதினார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரை, யாருக்கும் தரவில்லை. எந்தப் பள்ளிக்கு மருந்து என்று ஊருக்கே தெரியும். அப்புறம் எப்படி அந்தக் கால்வாசியை மருந்தின் கணக்கில் எழுதுவது?

புள்ளிக்கணக்கு:
நண்பரே, முதலில் ஏன் பள்ளி பள்ளியாகப் பிரித்தார்கள் என்று பாருங்கள். ஒரு பிள்ளையின் வயிற்றில் பூச்சி போனால் மண்ணில் விழும் முட்டையும் குறையும், பக்கத்துப் பிள்ளைக்கும் நன்மை. ஒரே வகுப்பில் பாதிப் பேருக்குக் கொடுத்திருந்தால் இரு பாதிக்கும் வித்தியாசம் மங்கிப் போயிருக்கும். வருகையையும் ஆசிரியரின் பதிவேட்டை நம்பி எடுக்கவில்லை, சொல்லாமல் போய்த் தலை எண்ணினார்கள்.

கரும்பலகை:
22 வருடம் ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்குப் புதுத் திட்டம் ஒன்று வந்தது. முதல் மாதம் பிள்ளைகள் எண்ணெய் வைத்துப் படிய வாரி, பவுடர் பூசி வந்தார்கள். வராத பிள்ளையை அழைத்து வரத் தலைமை ஆசிரியர் எட்டாம் வகுப்புப் பையனைச் சைக்கிளில் அனுப்பினார். பாடம் அதே பாடம்தான். சொல்லாமல் வந்து எண்ணினாலும் அந்தச் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அரியலூரான்:
டீச்சர் சொன்னதுதான் என் பயமும். பூசியாவில் தலை எண்ணியதும் திட்டத்தை நடத்திய தொண்டு நிறுவனத்தின் ஆட்கள்தான். மாத்திரையோடு சுகாதார வகுப்பும் சேர்ந்தே போனது. இன்னொன்று, குலுக்கலே நடக்கவில்லை. அகரவரிசையில் பட்டியல் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரித்தார்கள்.

புள்ளிக்கணக்கு:
அகரவரிசை விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெயரின் முதல் எழுத்துக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் குலுக்கியிருக்கலாம். சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள்: மருந்து கொடுத்த பள்ளிகளில் மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளின் வருகையும் கூடியதே? மாத்திரை சாப்பிட்டோம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

அரியலூரான்:
அது எனக்குத்தான் சாதகம். சாப்பிடாத பிள்ளையும் வந்தது என்றால், அழைத்து வந்தது டீச்சர் சொன்ன சைக்கிளாகவும் இருக்கலாம்.

புள்ளிக்கணக்கு:
அங்கேதான் மலப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். சாப்பிடாத பிள்ளைகளிடமும் புழுத்தொற்று குறைந்திருந்தது. ஆசிரியரின் உற்சாகத்தைப் பார்த்து வயிற்றுப் புழு குறையாது.

அரியலூரான்:
புழு குறைந்ததை ஏற்றுக்கொள்கிறேன். புழு குறைந்ததால்தான் பிள்ளை வந்தது என்ற அடுத்த படியைத்தான் ஏற்க முடியவில்லை. 2015-ல் லண்டன் தொற்றுநோயியல் ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசினார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பரவிய நன்மையைக் கணக்கிட்ட கணினி நிரலில் பிழை இருந்தது. வருடம் வருடமாகப் பிரித்துப் பார்த்தபோது வருகையின் மீதான விளைவுக்கு ஆதாரம் பலவீனமானது. தேர்வு மதிப்பெண்ணோ மூல ஆய்விலேயே கூடவில்லை.

புள்ளிக்கணக்கு:
பிரித்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் தரவு சிறுத்துவிடும், ஆதாரமும் மெலியத்தான் செய்யும். வருடங்களைச் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. வெற்று மாத்திரை கொடுத்திருந்தால் பள்ளிக்கே பரவும் உற்சாகம் இரண்டு பக்கமும் சமமாகியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக 25 பள்ளிகளின் பிள்ளைகளை நோயோடு வைத்து, மருந்து தருகிறோம் என்று பெற்றோரிடம் சொல்ல என்னால் முடியாது.

கரும்பலகை:
அப்படிச் சொல்ல வேண்டியதில்லை தம்பி. அந்த 25 பள்ளிகளும் எப்படியும் 2001 வரை காத்திருந்தவைதானே. அந்த இடைவெளியில் அவற்றுக்குக் கண் பரிசோதனையும் மூக்குக் கண்ணாடியும் கொடுத்திருக்கலாம். இரண்டு பக்கமும் வெளியாள் வருகிறார், இரண்டு பக்கமும் சைக்கிள் ஓடும். எண்ண வருபவரிடம் மட்டும் எந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று சொல்லாமல் அனுப்ப வேண்டும்.

அரியலூரான்:
கண்ணாடியே வருகையைக் கூட்டினால்?

கரும்பலகை:
அப்போது மாத்திரையின் பலன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதையும் மீறித் தெரிகிற வித்தியாசத்தை நான் நம்புவேன்.