13-0 சாம்பியனா, 13-1 சாம்பியனா?

ஆர்லாண்டோ_ராஜா: 2017 அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால்ல எங்க யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா யுனிவர்சிட்டி) நேஷனல் சாம்பியன்னு சொல்றது, நாங்களே மாட்டிக்கிட்ட வெறும் பேனர் கதைன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார், படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. 13 மேட்ச், 13 ஜெயம். அந்த சீசன்ல பெரிய டிவிஷன்ல தோக்காத ஒரே டீம். பீச் பவுல்ங்கற சீசன் முடிவு மேட்ச்ல ஆபர்ன் டீம 34-27ன்னு சாய்ச்சோம். அதே ஆபர்ன்தான் நவம்பர்ல ஜார்ஜியாவ 40-17, அலபாமாவ 26-14ன்னு அடிச்சது. கடைசில ஃபைனல் ஆடுனது அந்த ரெண்டு டீம்!

டஸ்கலூசா_குமார்: எழுதினது நான்தான், இப்பவும் சொல்றேன். சாம்பியன முடிவு பண்ற ப்ளேஆஃப்க்கு அப்ப நாலு டீம்தான், டீம் பொறுக்கற கமிட்டி உங்கள வெச்சது 12வது இடத்துல. ஃபைனல்ல ஜார்ஜியாவ ஓவர்டைம்ல 26-23ன்னு ஜெயிச்சு 13-1ன்னு முடிச்சது எங்க அலபாமா. மெம்ஃபிஸ் கிட்ட ரெண்டு ஓவர்டைம் போய் 62-55ன்னு மூச்சு வாங்கின டீமுக்கு எதுக்குங்க இந்த பேச்சு.

ஆர்லாண்டோ_ராஜா: மூச்சு வாங்கியோ தவழ்ந்தோ ஜெயிச்சோம்ல? பந்தியிலயே உக்கார விடாம, சாப்பிட்டவன்தான் பெரிய ஆளுங்கறீங்க. ஆபர்ன் கிட்ட நீங்க தோத்தீங்க, நாங்க ஜெயிச்சோம். 34-27.

ஏதென்ஸ்_மாமா: எஸ்இசி லீக் ஃபைனல்ல எங்க ஜார்ஜியா 28-7ன்னு உரிச்சப்புறம் ஆபர்னுக்கு அந்த பவுல் ஆட மனசே இல்ல, ஊருக்கே தெரியும்.

ஆர்லாண்டோ_ராஜா: மனசில்லாதவன்தான் கடைசி நிமிஷம் வரைக்கும் டை பண்ண துரத்திட்டு வந்து கோல் பகுதியான எண்ட் சோன்ல இன்டர்செப்ஷன், அதாவது எங்க ஆள் கைல பந்து, குடுப்பானா? நான் அன்னிக்கு அட்லாண்டா ஸ்டேடியத்துல இருந்தேன் மாமா. ஷகீம் கிரிஃபின், இடது உள்ளங்கை இல்லாத எங்க ஆளு, பந்த எறியற குவார்ட்டர்பேக்க துரத்தி துரத்தி புடிச்சு கீழ தள்ளுறார், 12 டேக்கிள், எனக்கு தொண்டையே போச்சு. 2015ல 0-12 இருந்த டீம் சார் இது.

டஸ்கலூசா_குமார்: உங்க கோச் ஃப்ராஸ்டே பவுலுக்கு முன்னாடி நெப்ராஸ்கா டீம் கோச் வேலைய ஒத்துக்கிட்டார். அவருக்கே நம்பிக்கை இல்ல தம்பி.

ஆர்லாண்டோ_ராஜா: ஒத்துக்கிட்டும் வந்து அந்த மேட்ச முடிச்சு குடுத்துட்டுதான் போனார். அப்புறம் தம்பி கிம்பின்னு கூப்புடாதீங்க, எனக்கு 51 வயசு. பேனர்னு சிரிக்கறீங்களே, 1941ல அலபாமா 9-2, பத்திரிகைக்காரங்க ஓட்டுப்போடற ஏபி லிஸ்ட்ல 20வது இடம், அதையும் சாம்பியன்ஷிப் கணக்குல சேத்து வெச்சிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல கணக்கு போடற கோலி ரேங்கிங் எங்கள முதல் இடத்துல போட்டா மட்டும் கசக்குதா?

டஸ்கலூசா_குமார்: 1941 எதுக்கு இப்ப? எங்க தாத்தாவே அப்ப ஸ்கூல் பையன்.

ஏதென்ஸ்_மாமா: ராஜா சார், அடுத்த சீசன் ஃபியஸ்டா பவுல்ல தோத்தா பிரியாணின்னு பந்தயம் கட்டினீங்க. எல்எஸ்யூ டீம் கிட்ட 40-32 தோத்தீங்க, பிரியாணி இன்னும் வரல.

ஆர்லாண்டோ_ராஜா: அது 2018 சீசன், எங்க குவார்ட்டர்பேக் மில்டன் முழங்கால்ல பலத்த அடிபட்டு உக்காந்திருந்தார். பேச்ச மாத்தாதீங்க. ஆபர்ன் 34-27, அதுக்கு பதில் சொல்லுங்க.

டஸ்கலூசா_குமார்: 26-23. கோப்பை எங்க இருக்குன்னு போய் பாருங்க.

ஆர்லாண்டோ_ராஜா: 26-14 மறந்துட்டீங்களா?

ஏதென்ஸ்_மாமா: பிரியாணி சார்.