26 வயது மகன் வரிக்கணக்கில் 'சார்ந்தவர்' ஆவாரா?

பெருந்துறைத் தந்தை:
என் மகனுக்கு 26 வயது. அறிவுசார் குறைபாடு 85 விழுக்காடு என்று சான்றிதழ் இருக்கிறது. மாற்றுத்திறனாளியான சார்ந்தவரைப் பராமரிப்பவருக்கு வருமான வரியில் தரும் 80-டிடி பிரிவுக் கழிவைக் கேட்டேன். "வயது வந்தவன், பனியன் கம்பெனிக்குப் போகிறான், எப்படிச் சார்ந்தவன்?" என்று எங்கள் அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். இது சரியா?

ஈரோடு கணக்கர்:
சரிதான் அண்ணா. கூலி வாங்குபவரைச் சார்ந்தவர் என்று காட்டினால் நோட்டீஸ் வரலாம். புதிய வரிமுறையில் இந்தக் கழிவே கிடையாது. 12 லட்சம் வரை வரியே இல்லை என்னும்போது எதற்கு இந்த மல்லுக்கட்டு?

அவிநாசி அம்மா:
வயது எங்கே வந்தது? பிள்ளைக்குச் சட்டத்தில் வயது வரம்பே இல்லை. பராமரிப்புக்கு முழுமையாகவோ பெரும்பாலுமோ நம்மைச் சார்ந்திருந்தால் போதும். என் மகளும் பிசிறு வெட்டப் போகிறாள். கத்தரி துணியில் பட்டுவிடாமல் இருக்க, பக்கத்தில் இருக்கும் பெண் ஒவ்வொரு பீஸிலும் நூலைத் தொட்டுக் காட்ட வேண்டும். சனிக்கிழமை வாரக்கூலியை எண்ணத் தெரியாமல் அப்படியே என்னிடம் நீட்டுகிறாள். மாத்திரையும் துணைக்குப் போய்வரும் செலவும் எங்களுடையவை. இவள் தன் காலில் நிற்கிறாள் என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

ஈரோடு கணக்கர்:
மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. 'பெரும்பாலும்' என்றால் எவ்வளவு என்று சட்டத்தில் தொகை இல்லை. அதிகாரி எப்படி எடுத்துக்கொள்வாரோ என்பதுதான் என் கவலை. 1,25,000 ரூபாய்க்கு ரசீதுக்கு எங்கே போவீர்கள்?

அவிநாசி அம்மா:
செலவு இருக்க வேண்டும், ஆனால் தொகை ரசீதைப் பொறுத்ததல்ல. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 75,000 ரூபாய், 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. இரண்டும் நிலையான தொகை. குறைபாடு உள்ளவரே தனக்காகக் கேட்கும் 80-யு கழிவைப் பிள்ளை தன் பெயரில் கேட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆட்டிசம், பெருமூளை வாதம், பன்முகக் குறைபாடு என்றால் படிவம் 10-ஐஏ என்ற மருத்துவச் சான்று வேண்டும்.

ஈரோடு கணக்கர்:
ரசீது விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வீட்டுக்கடன் வட்டி போன்ற பெரிய கழிவுகள் இல்லாதவருக்குப் பெரும்பாலும் புதிய முறைதான் லாபம்.

அவிநாசி அம்மா:
லாபம் இல்லை என்றால் லாபம் இல்லை என்று சொல்லுங்கள். அதற்காக உரிமையே இல்லை என்று ஒரு தகப்பனை அனுப்பாதீர்கள். அண்ணா, அலுவலகம் மறுத்தாலும், பழைய முறையைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்னில் நீங்களே கேட்கலாம். கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

பெருந்துறைத் தந்தை:
வீட்டுக்கடன் இருக்கிறது. 20 விழுக்காட்டு வரம்பில் இந்த ஒரு கழிவுக்கே செஸ்ஸுடன் 26,000 மிச்சமாகும். இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுவிட்டு ரிட்டர்னில் கேட்கப் போகிறேன்.