புதுப்பிப்பு: பர்லியார் ஏற்றத்தில் மிஸ்ஸிங்

எஞ்சின் வேலை முடித்த லாரி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தாண்டியதும் மிஸ்ஸிங் ஆகிறது (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் திணறுகிறது), ஆறினால் சரியாகிறது என்று எழுதியிருந்தேன். டீசலைப் பீய்ச்சும் நாசில்தான் காரணம் என்று பலர் சொன்னீர்கள். நானும் நம்பி மாற்றினேன், காசுதான் போனது.

குற்றவாளி வால்வு. எஞ்சின் ஆறியிருக்கையில் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) நான்கு சிலிண்டரிலும் சமம். ஏறி வந்த சூட்டோடு பார்த்தால் மூன்றாவதில் பாதிகூட இல்லை. வால்வு கவரைக் கழற்றினால் அங்கே, வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடு லேசாக வளைந்திருக்கிறது! புது கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) அடித்தவர், அதன் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் போடவே இல்லை. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு சூட்டில் விரிந்து, கைடுக்குள் இறுகி, முழுதாக மூடாமல் நின்றிருக்கிறது; அதைத் தள்ளித்தான் ராடும் வளைந்திருக்கிறது. எல்லாக் கைடுக்கும் ரீமர் போட்டு, ராடையும் மாற்றியாச்சு.

நேற்று கேரட்டை இறக்கிவிட்டு, உர மூட்டையோடு குன்னூர் வரை நிற்காமல் ஏறினேன்.