மோன்டெபுல்ச்சானோ ஊர்ப் பெயரா, திராட்சைப் பெயரா?

சுக்குக்காப்பி:
மிலானுக்கு வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, சூப்பர்மார்க்கெட்டில் சிவப்பு ஒயின் அலமாரி முன்னால் நின்றால் இன்னும் தலை சுற்றுகிறது. போன மாதம் 'மோன்டெபுல்ச்சானோ தாப்ருட்சோ' என்று ஒன்று ஆறு யூரோவுக்கு வாங்கினேன், கருஞ்சிவப்பாக, குடிக்க இதமாக இருந்தது. அதே பெயராச்சே என்று நம்பி இந்த வாரம் 'வீனோ நோபிலே தி மோன்டெபுல்ச்சானோ' எடுத்தேன். விலை மூன்று மடங்கு, நிறமோ வெளிறல், வாயெல்லாம் புளிப்பும் துவர்ப்பும். ஏமாந்துவிட்டேனா? அப்புறம் இந்த பரோலோ, கியாந்தி எல்லாம் திராட்சைப் பெயர்தானே?

மலைக்காற்று:
ஏமாறவில்லை நண்பரே, பெயர்தான் ஒன்று, சரக்கு வேறு. முதலில் குடித்ததில் மோன்டெபுல்ச்சானோ என்பது திராட்சை ரகம், அப்ருட்சோ என்பது ஏட்ரியாட்டிக் கடல் பக்கம் இருக்கும் மாநிலம். அந்த ஒயினில் குறைந்தது 85 சதவீதம் அந்த ரகம் இருக்க வேண்டும். இரண்டாவதில் மோன்டெபுல்ச்சானோ என்பது டஸ்கனியில் ஒரு மலை ஊர். அங்கே போடுவது சாஞ்சோவேசே என்ற திராட்சை (உள்ளூரில் அதற்கு ப்ருஞோலோ ஜென்டிலே என்று பெயர்), அது குறைந்தது 70 சதவீதம். புளிப்பும் துவர்ப்பும் சாஞ்சோவேசேவின் பிறவிக் குணம்.

பரோலோ, கியாந்தி இரண்டும் இடப் பெயர்கள். கியாந்தியிலும் பெரும்பங்கு சாஞ்சோவேசேதான், புருனெல்லோ தி மோன்டல்சினோ என்றால் முழுக்க முழுக்க அதுவே. பரோலோ முழுக்க நெபியோலோ என்ற ரகம். நடுவில் 'தி' அல்லது 'த' வந்தால் முன்னால் இருப்பது ரகம், பின்னால் இருப்பது ஊர் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம், பார்பெரா தால்பா மாதிரி (பார்பெரா ரகம், ஆல்பா ஊர்).

ஈரமண்:
அந்த விதியை நம்பி நானும் ஒருமுறை கடைக்காரரிடம் அசடு வழிந்திருக்கிறேன். வீனோ நோபிலே என்பதே ரகம் இல்லையே! அப்புறம் நேரோ தாவோலா. அவோலா சிசிலியில் ஒரு ஊர், ஆனால் 'நேரோ தாவோலா' மொத்தமும் திராட்சையின் பெயர். தோல்செட்டோ என்ற ரகம் இன்னும் மோசம், பெயருக்கு 'குட்டி இனிப்பு' என்று அர்த்தம், ஒயினில் இனிப்பே கிடையாது.

நிறத்தை வைத்துத் தரம் பார்க்கவும் வேண்டாம். நெபியோலோ கண்ணுக்கு வெளிறலாகத்தான் தெரியும், ஒரு வாய் குடித்தால் ஈறு இறுகிப்போகும், அவ்வளவு துவர்ப்பு. அதனால்தான் பரோலோவை 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், வைத்த பிறகே விற்க விடுகிறார்கள். ஆசையாக இருந்தால் லாங்கே நெபியோலோ வாங்கிப் பாருங்கள், அதே திராட்சை, விலை பாதிக்கும் கீழே கிடைக்கும்.

உங்களுக்கு முதல் பாட்டில் பிடித்ததென்றால் தெற்கு இத்தாலியில் இருக்கும் புக்லியா மாநிலத்தின் ப்ரிமிதீவோவும் பிடிக்கும். அமெரிக்காவில் ஜின்ஃபாண்டெல் என்று விற்பது இதே ரகம்தான், மரபணுச் சோதனையில் உறுதியான விஷயம்.

சுக்குக்காப்பி:
அட, இவ்வளவு இருக்கிறதா! முக்கால் பாட்டில் நோபிலே மிச்சம் இருக்கிறது, கொட்டிவிடலாமா?

மலைக்காற்று:
கொட்டாதீர்கள் சாமி! வெறும் வயிற்றில் தனியாகக் குடித்திருப்பீர்கள். நாளைக்கு ஆட்டுக்கறி வறுவலோடு எடுங்கள், கொழுப்பும் உப்பும் சேர்ந்தால் துவர்ப்பு அடங்கிவிடும். கார்க்கைத் திருப்பி அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். குடிப்பதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள், சில்லென்று இருந்தால் துவர்ப்பு இன்னும் தூக்கும்.