காசிமேட்டில் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னுவோர், ஐஸ் உடைப்போர், கூடை சுமப்போர் ஆகியோருக்காக வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் ஒன்றை நடத்த விரும்புகிறோம். குட்காவுக்கு 2013இல் தடை வந்த பிறகும், பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவா இங்கே எளிதில் கிடைக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியிருக்கிறது என்று சொன்னால், பலர் நம்ப மறுக்கிறார்கள்.

பயிற்சி பெற்ற ஒருவர் நல்ல வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டுகளும் ஆறாத புண்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. 2005இல் வெளியான திருவனந்தபுரம் ஆய்வில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே இது வாய்ப் புற்றுநோய் மரணங்களைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

சிக்கல் நேரம்தான். விடியற்காலை ஏலம் முடிந்து, கணக்குத் தீர்ந்து இவர்கள் ஓய்வதற்குள் மருத்துவமனையில் ஓ.பி. (புறநோயாளி) சீட்டு கொடுக்கும் நேரம் கடந்துவிடுகிறது. ஆகவே பிற்பகலில் வரக்கூடிய பல் மருத்துவர்களும், ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ சிறு கூடம் தரக்கூடியவர்களும், அதைவிட முக்கியமாக, திட்டு கண்டறியப்பட்டவரைத் திசுப் பரிசோதனைக்குக் கையோடு அழைத்துச் செல்லக்கூடியவர்களும் தொடர்பு கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால் பாதிப் பேர் போகமாட்டார்கள் என்பது என் கணிப்பு. பெண் மருத்துவர் ஒருவரேனும் வந்தால், மீன் விற்கும் அம்மாக்களும் தயங்காமல் வருவார்கள்.