குரோஷிய–டச்சு எண் சொற்கள்: ஒரு உதவி வேணும்

டச்சு எண் சொற்களைக் குரோஷியத்துக்கு மாத்துற ஒரு சின்ன நிரல் எழுதுறேன். டச்சில் 27 'ஸேவன்-என்-ட்விண்டிக்', அதாவது ஏழும் இருபதும், இடைவெளியே இல்லாம ஒரே சொல். குரோஷியத்தில் 'ட்வாடெசெட் செடாம்', நம்ம இருபத்தேழு மாதிரி. முதல் 'என்'ல வெட்டினா தப்பு, 'ஸேவன்' முடியறதே 'என்'ல தான். அதனால 'ட்விண்டிக்', 'டெர்டிக்' போன்ற பத்துகளைக் கடைசியிலிருந்து பிடிச்சு, அதுக்கு முன்னால உள்ள 'என்'னை நீக்கணும். இது சரியா ஓடுது.

தலைவலி குரோஷியப் பக்கம்தான். மணி நேரத்துக்கு டச்சில் எப்பவும் 'ஊர்'. குரோஷியத்தில் 21க்கு 'சாட்', 22க்கு 'சாட்டா', 25க்கு 'சாட்டி'. கடைசி இலக்கம்தான் தீர்மானிக்குது. 11 முதல் 14 வரை மட்டும் விலக்கு, எல்லாம் 'சாட்டி'. 2 பெண்பாலுக்கு 'த்விய்யே' ஆகிடும். இதெல்லாம் விதியாப் போட்டாச்சு.

மாட்டினது ஆட்களை எண்ணும்போது. டச்சின் 'ஃபெய்ஃப்' (ஐந்து), குரோஷியத்தில் குழந்தைகளுக்கும் கலந்த குழுவுக்கும் 'பெட்டெரோ', ஆண்கள் மட்டும்னா 'பெட்டொரிட்சா'. டச்சு மூலத்தில் ஆண்கள் மட்டுமா, கலந்த குழுவாங்கிற குறிப்பே இருக்காது. பெயர்ச்சொல் பட்டியலில் தனி அடையாளம் போடுறதா, இல்ல சந்தேகம் வந்தா 'பெட்டெரோ'ன்னே விடுறதா? குரோஷியம் மாதிரி ஸ்லாவிய மொழிகளில் வேலை செஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன்.