ஜார்ஜ் எலியட்டின் ஆங்கில நாவல் ‘சைலஸ் மார்னர்’ படித்தவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

தறிக்காரர் மகன்

கல்லூரியில் இது எங்களுக்கு நான்-டீடெய்ல் பாடம். வகுப்பில் பாதிப்பேர் நோட்ஸை மனப்பாடம் செய்தே கரையேறினார்கள். நான் மூல நூலைத் தேடிப் படித்ததற்கு ஒரே காரணம், நாயகன் நெசவாளி என்பதுதான். எங்கள் வீட்டில் குழித்தறி ஓடியது. ரேவலோ கிராமத்துப் பையன்கள் சைலஸின் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும், அவன் எழுந்து வந்து முறைத்தால் ஓட்டம் பிடிப்பதும் முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. தறிச் சத்தம் ஓர் ஊருக்கு விநோதமாகப் படும் என்பதே எனக்குப் புதிது. எங்கள் தெருவில் அந்தச் சத்தம் நின்றால்தான் கவலை. தறியில் ஏற்ற அடுத்த பாவு நூல் வரவில்லை என்று பொருள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: லான்டர்ன் யார்டு என்ற சிறு கிறிஸ்தவ சபையில் பக்தியோடு இருந்தவன் சைலஸ். சபைப் பணத்தைத் திருடியதாக உயிர் நண்பனே அவன்மேல் பழியைப் போடுகிறான். விசாரணை என்ன தெரியுமா? சீட்டுக் குலுக்கல்! குற்றவாளி என்று சீட்டு விழுகிறது. நிச்சயித்த பெண்ணும் அந்த நண்பனையே மணந்துகொள்கிறாள். ஊரைவிட்டு ரேவலோவுக்கு வந்தவன் 15 ஆண்டுகள் தறியும் தங்கக் காசுமாகக் கிடக்கிறான்.

பிறகு, தாயை இழந்து அவன் வீட்டுக்குள் வந்து சேரும் குழந்தை எப்பியை அவனே வளர்க்கிறான். எப்பி வந்ததும் ஊர் அவனை ஏற்றுக்கொண்டது என்று எல்லா நோட்ஸும் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சைலஸ் முன்பே ஒரு நல்லது செய்திருக்கிறான். செருப்புத் தைப்பவரின் மனைவி சாலி ஓட்ஸுக்கு இதய நோய். ஃபாக்ஸ்குளோவ் செடியில் மருந்து காய்ச்சிக் கொடுக்கிறான், வலி தணிகிறது. உடனே ஊரே மந்திரமும் தாயத்தும் கேட்டு வாசலில் நிற்கிறது. எனக்கு மந்திரம் தெரியாது என்று விரட்டுகிறான். அன்று முதல் யாருக்கு என்ன கெடுதல் வந்தாலும் அவன்தான் காரணம். உதவி செய்ததில் இன்னும் தள்ளித்தான் போனான்.

மாற்றம் வருவது காசு திருட்டுப் போன இரவில். 272 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ். மழையில் நனைந்தபடி ரெயின்போ மதுவிடுதிக்குள் நுழைகிறான். அங்கே அப்போது பேய் உண்டா இல்லையா என்று சண்டை. இவனே பேய் மாதிரி வந்து நிற்கிறான். ஜெம் ராட்னி என்பவனைப் பார்த்து நீதான் திருடினாய் என்கிறான். நிரபராதிமேல் பழி போடாதே என்று ஒரு கிழவர் அதட்டுகிறார். அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று அந்தக் கிழவருக்கு எப்படித் தெரியும்! சைலஸ் ஜெம்மிடம் போய், தவறாகச் சொல்லிவிட்டேன் என்கிறான். கோட்டைக் கழற்றவைத்து, கணப்புக்கு அருகே உட்கார வைத்திருந்தார்கள் அவனை. அவன் கையேந்தி நின்ற பிறகுதான் ஊர் அவனை மனிதனாகப் பார்த்தது. குழந்தை வந்தது அதற்கப்புறம்.

லண்டன் வாசகி

நான் போனது மார்க்ஸ் கல்லறையைப் பார்க்க. ஹைகேட் கல்லறைத் தோட்டத்தின் கிழக்குப் பகுதி, டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். மார்க்ஸ் முன்னால் நல்ல கூட்டம். அதே பகுதியில் ஜார்ஜ் எலியட் கல்லறை. அங்கே நான் மட்டும்தான். புனைபெயரும் மேரி ஆன் கிராஸ் என்ற பெயரும் சேர்ந்தே பொறித்திருக்கிறார்கள்.

சைலஸின் கதையை எழுதியவரே விலக்கி வைக்கப்பட்டவர். 1854 முதல், ஏற்கெனவே மணமான ஜார்ஜ் ஹென்றி லூயிஸுடன் வாழ்ந்தார். விஷயம் தெரிந்ததும் அண்ணன் ஐசக் பேச்சை நிறுத்திக்கொண்டார். லூயிஸ் இறந்த பின் 1880-ல் ஜான் கிராஸை முறைப்படி மணந்ததும்தான் அண்ணனிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வருகிறது. அதே ஆண்டு டிசம்பரில் இவர் இறந்துவிட்டார். பெரிய எழுத்தாளர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி தேவாலயத்தில் இடம் கிடைக்கவில்லை. நினைவுக்கல் வைத்தது 1980-ல். இறந்து நூறு ஆண்டு ஆன பிறகு!

இரு பிள்ளைகளின் தாய்

தம்பி, உங்கள் மதுவிடுதி வாதம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் குழந்தையை அவ்வளவு லேசாக ஒதுக்காதீர்கள். எங்கள் மூத்தவள் தத்துப் பிள்ளை. 19-ஆம் அத்தியாயத்தை அடுப்படியில் நின்றபடி படித்தேன், பால் பொங்கி வழிந்தது.

பெற்ற தகப்பன் காட்ஃப்ரி காஸ், ஊரின் பெரிய மனிதன், 16 வருடம் கழித்து எப்பியைக் கேட்டு வருகிறான். அவள் சைலஸின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவன் தலைக்குப் பின்னே கையை அணைவாக வைத்திருக்கிறாள். அவன் உடம்பு நடுங்குவது அவளுக்குத் தெரிகிறது. அப்படியும் அவன், நான் தடுக்கமாட்டேன், பிள்ளையிடமே கேளுங்கள் என்கிறான். எனக்கு அந்தத் தைரியம் வராது. எப்பி மரியாதையாக வணங்கி, மாட்டேன் என்கிறாள். காட்ஃப்ரி கடைசியில் கல்யாண விருந்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அன்றைக்கு ஊரில் இல்லாமல் போய்விடுகிறான். அவன்மேல் எனக்கு இரக்கமே வரவில்லை.

ஒன்று கேட்கிறேன்: லான்டர்ன் யார்டில் சைலஸ்மேல் விழுந்த அந்தத் திருட்டுப் பழி கடைசியில் விலகுகிறதா? வேகமாகப் புரட்டியதில் நினைவில்லை.

தறிக்காரர் மகன்

இல்லை, அம்மா. எப்பியை அழைத்துக்கொண்டு லான்டர்ன் யார்டைத் தேடிப் போகிறான். அந்த இடத்தில் பெரிய தொழிற்சாலை நிற்கிறது; சபையைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் இல்லை. எங்கள் பேராசிரியர் இதைக் கதையின் குறை என்றார். எனக்கோ எலியட்டின் துணிச்சலான இடமே இதுதான். பழி துடைக்கப்பட்ட பிறகு ஊர் சேர்த்துக்கொள்ளும் கதையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.